கெளுத்தி முள்



புதன்கிழமை மாலை நான்குமுனைச் சந்திப்பில் வண்டியை நிறுத்தியபோது, நல்லவாட்டு மீனவர் ஒருவர் கட்டைவிரலைக் காட்டினார். "கெளுத்தி முள்ளு, சாமி. நேத்து வலையைப் பிரிக்கும்போது குத்திச்சி." விரல் சிவந்து வீங்கியிருந்தது. தொட்டேன், சுட்டது. "விஷம் ஏறிடுச்சு" என்றார்.

கெளுத்தி முள்ளில் விஷம் உண்டுதான். ஆனால் அந்தச் சிவப்பும் சூடும் வீக்கமும் விஷத்தால் மட்டும் வந்தவை அல்ல. அவரைக் காப்பாற்ற அவர் உடம்பே படும் பாடும் அதில் இருக்கிறது.

நம் முதல் மதில் தோல். முள் அதைக் கிழித்ததும், சதைக்குள் குடியிருக்கும் காவல் செல்கள் குரல் கொடுக்கின்றன. பக்கத்து ரத்தக்குழாய்கள் விரிகின்றன. அதனால் சிவப்பு, சூடு. குழாய்ச் சுவர் நெகிழ்ந்து நீர் கசிகிறது, அதுதான் வீக்கம். அந்த இடுக்கு வழியாக நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் சில மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்து கிருமிகளை விழுங்குகின்றன. இந்தக் கிருமியை முன்பு பார்த்திருக்கிறோமா என்று அவை யோசித்து நிற்பதில்லை. ஒவ்வொரு கிருமியையும் அடையாளம் கண்டு எதிர்க்கும் இன்னொரு படை நமக்கு உண்டு. புதிய கிருமி என்றால் அது தயாராகப் பல நாள் ஆகும். அதுவரை தாங்குகிறவை இவைதான்.

கிருமியை விழுங்கும் இந்தச் செல்களைக் கண்டுபிடிக்க உதவியதும் ஒரு முள்தான். 1882இல் இத்தாலியின் மெசினா கடற்கரையில் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய அறிஞர், கண்ணாடிபோன்ற நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் காலை பார்த்தால், முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. பிறகு பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வைத் தொடர்ந்த அவருக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது.

புண்ணில் சீழ் கண்டால் முகம் சுளிக்கிறோம். நானும் சுளித்தவன்தான். அந்தச் சீழ் என்ன தெரியுமா? பெரும்பாலும் கிருமியோடு போராடி மடிந்த வெள்ளணுக்கள். யாருக்காகவோ உயிரைக் கொடுத்தவரைப் பார்த்து உலகம் முகத்தைத் திருப்பிக்கொண்டது நமக்குப் புதிதா? நம் பீடத்துக்கு மேலே சிலுவையில் தொங்குகிறாரே!

ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்பும் சேர்ந்து துன்புறும் என்ற பவுலின் சொல்லை இரண்டாம் வாசகத்தில் கேட்டோம். விரலுக்குக் குத்தியதும் எலும்பு மஜ்ஜை அணுக்களை அனுப்புகிறது. அது விரலிலிருந்து எவ்வளவு தூரம்! நாமோ ஒரு வீட்டில் துக்கம் என்றால், எந்தத் தெரு, யார் பக்கம், யார் செய்த தப்பு என்று விசாரித்து முடிப்பதற்குள் பதினாறாம் நாள் வந்துவிடுகிறது.

ஒரு வார்த்தை: முள் குத்தினால் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள், டிடி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை கூடியவர்களுக்கு இந்த வெள்ளணுக்கள் தளர்ந்துவிடும். அவர்கள் ஒரு நாளும் காத்திருக்கக்கூடாது.

அந்த மீனவர் இன்னும் கடலுக்குப் போகவில்லை. திருப்பலி முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகிறேன். வண்டியில் பின்னால் ஓர் இடம் இருக்கிறது.