வாடகை வீடும் வாய்மையும்

"தம்பிக்கு எந்த ஊரு?"

"ஊர்ல எந்தப் பக்கம்?"

கேள்விகள் இரண்டு. முதற் கேள்விக்கு எவரும் விடை கூறலாம். இரண்டாவது இருக்கிறதே, அது ஊரைப் பற்றிய கேள்வியன்று, தெருவைப் பற்றியது. உண்மையில் தெருவைப் பற்றியதுமன்று, பிறப்பைப் பற்றியது! வேதாரணியத்துக்கும் கோடியக்கரைக்கும் அருகே, உப்பளக் காற்று வீசும் ஒரு கடலோரச் சிற்றூரில், வாடகைக்கு வீடு கேட்டுச் சென்ற இளம் இணையரை நோக்கி இக்கேள்விகள் வீசப்பட்டன. வீசப்பட்ட ஆண்டு 1919 அன்று, தோழர்களே, 2019!

துணைவியார் செவிலியர். மாற்றலாணை பெற்று அவ்வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தவர். துணைவர் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். எஞ்சின் உள்ள கரையெல்லாம் அவருக்கு ஊர்தான். ஐயர் இல்லை, அக்கினி இல்லை, அம்மி இல்லை, அருந்ததி இல்லை. மாலை மாற்றி, நண்பர்கள் முன்னிலையில் உறுதி கூறி மணந்துகொண்டவர்கள். அறிஞர் அண்ணாவின் ஆட்சி 1967-இல் இயற்றிய சட்டம் அவர்கள் மணத்தைச் செல்லும் என்கிறது. அவர் பிறந்த வீடோ செல்லாது என்கிறது! அவர் நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். துணைவர் சேரியில் பிறந்தவர். உடுமலைப்பேட்டையில் 2016-இல் பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே, பலர் பார்த்திருக்க, இத்தகைய இணையர் ஒருவர்மீது பாய்ந்த அரிவாளைத் தமிழகம் மறந்திருக்காது. மறவாத இருவர், எட்டக் கிடந்த கடற்கரையைத் தேடி வந்ததில் வியப்பென்ன? நம் நண்பர்கள் அவர்கள். ஆகவே பெயர்களை விடுத்தே எழுதுகிறோம்.

வந்த காலமோ வாட்டமான காலம். 2018 நவம்பர் 16-இல் கரையேறிய கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்து, ஓடுகளைப் பெயர்த்து, மின்கம்பங்களை முறித்துப் போட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. பல வீடுகளுக்குக் கூரை தார்ப்பாய்தான். நின்ற வீடுகள் சில. அவற்றில் வாடகைக்குக் கிடைத்தவை மிகச் சில. கோடியக்கரைக்கு ஆண்டுதோறும் வெளிநாட்டுப் பறவைகள் வருகின்றன, அவற்றை எவரும் ஊர் கேட்பதில்லை என்று கவிஞர்கள் பாடிப் பாடி அலுத்துவிட்டனர்; நாம் பாடவில்லை. பறவைக்கு வாடகை முன்பணம் இல்லை, குளியலறை வேண்டியதில்லை. மனிதருக்கு வேண்டும்.

மூன்றாவது வீட்டில்தான் அந்த வினா எழுந்தது. வினவியவர் ஊரில் மதிப்புள்ளவர், தோப்பு உடையவர். கொடியவர் அல்லர் என்பதையும் சொல்லிவிடவேண்டும். புயலின்போது தம் களஞ்சியத்து அரிசியை அண்டை வீடுகளுக்கு அளந்து கொடுத்தவர் என்று ஊரார் கூறுவர். துணைவரை நோக்கித்தான் கேட்டார். துணைவியார் முந்திக்கொண்டு தாம் பிறந்த ஊரைச் சொன்னார், தம் வீடு இருக்கும் பக்கத்தைச் சொன்னார். பெரியவர் முகம் மலர்ந்தது. "நம்ம பக்கம்தான்!" என்றார். திறவுகோல் கைமாறியது.

ஒரு பொய்யும் சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சொன்ன சொல் ஒவ்வொன்றும் மெய். ஆயினும் அச்சொற்களைக் கூட்டிப் பார்த்தால் கிடைத்த கூட்டுத்தொகை பொய். இது முறையா, முறைகேடா? நாம் ஆராய எடுத்துக்கொண்டது இதைத்தான்.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டங்களைக் களைந்தெறிய அறைகூவல் விடுத்தது. தந்தை பெரியார் தம் பெயரிலிருந்த பட்டத்தை அறுத்தெறிந்தார். தமிழகம் அவர் வழி நடந்தது. இந்தியாவின் பிற பகுதிகளில் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பிறப்பை அறிந்துகொள்ளலாம். இங்கே அது இயலாது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் வாலை இழந்த பல்லி என்ன செய்கிறது? புது வால் வளர்க்கிறது. பெயரில் இருந்த சாதி, பெயரைவிட்டு இறங்கித் தெருவிலே போய்க் குடியேறிற்று. "எந்தப் பக்கம்?" என்பது அதன் புது வால். "குலதெய்வம் எது?" என்பது இன்னொன்று. "வீட்டில் கவிச்சி உண்டா?" என்பது மற்றொன்று. "உங்க ஊர்ல இன்னாரைத் தெரியுமா?" என்று பாசம் சொட்டக் கேட்பார்களே, அது எல்லாவற்றிலும் நீண்ட வால்! கேட்பவர் சாதி என்ற சொல்லை உச்சரிக்கவே மாட்டார். உச்சரித்தால் நாகரிகக் குறைவல்லவா!

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியமரவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்கிறது. 15-ஆம் பிரிவு, கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பட்டியலிட்டு, அங்கெல்லாம் சாதி பார்த்துத் தடுக்கலாகாது என்கிறது. நல்ல பட்டியல். அதில் வாடகை வீடு இல்லை. ஒரு சமயத்தார் தமக்கென அமைத்த வீட்டுவசதிச் சங்கம் பிறரை உறுப்பினராக ஏற்க மறுக்கலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. எனவே சட்டப் புத்தகத்தைக் கையில் ஏந்திச் செல்பவருக்கு ஊர் எல்லைவரை வரவேற்பு உண்டு, வாசற்படிக்குமேல் இல்லை.

இனி அறத்தைக் கேட்போம். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் 1797-இல் ஒரு கட்டுரை வரைந்தார். கொலைகாரன் ஒருவன் உன் நண்பனைத் துரத்தி வந்து, 'அவன் உன் வீட்டில் இருக்கிறானா?' என்று கேட்டாலும் பொய் கூறலாகாது என்பது அவர் முடிபு. வாய்மைக்கு விதிவிலக்கே இல்லையாம்! மேதையின்பால் நமக்கு மதிப்புண்டு. ஆயினும் அவர் வீட்டு வாசலில் அரிவாளோடு எவரும் வந்து நின்றதில்லை என்று தோன்றுகிறது. வள்ளுவரோ வாய்மையை வேறு கோல் கொண்டு அளந்தார். பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்பது அவர் கண்ட இலக்கணம். சொல் நடந்ததோடு பொருந்துகிறதா என்பதோடு நின்றுவிடவில்லை அவர். சொல் மனிதரை என்ன செய்கிறது என்று பார்த்தார்.

அந்தக் கோலால் அளந்தால், வாசற்படியில் அந்த இணையர் காத்த மௌனம் குற்றமன்று. கேட்க உரிமையில்லாத கேள்விக்கு விடை கூறும் கடமையும் இல்லை. அறிவர் அம்பேத்கர் என்ன செய்தார்? கொலம்பியாவிலும் லண்டனிலும் பயின்று திரும்பிய அவர், 1917-இல் பரோடா அரசில் பணியேற்கச் சென்றார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில், காவலரின் உடன்பாட்டோடு, பார்சிப் பெயரொன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய பார்சிகள் திரண்டு வந்து, மாலைக்குள் வெளியேறு என்றனர். இந்து நண்பரும் கிறித்தவ நண்பரும் இடந்தர இயலவில்லை. பூங்காவில் அமர்ந்திருந்து, இரவு ரயிலேறிப் பம்பாய் திரும்பினார். இந்திய அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராகப் பின்னர் அமர்ந்தவர் ஓர் அறைக்காகப் பெயரை மாற்றி எழுத நேர்ந்ததே, அந்த வெட்கம் அவருடையதா? நாட்டினுடையது!

ஆக, மௌனம் ஒரு கேடயம். அதில் நமக்கு ஐயமில்லை. ஐயம் எங்கே பிறக்கிறது என்றால், வீட்டுக்குள் நுழைந்து, விளக்கேற்றி, மூன்று திங்கள் குடியிருந்த பிறகு.

பெரியவரின் தோப்பில் விழுந்த தென்னைகளை அறுத்து அகற்றி, குழி வெட்டிக் கன்று நட ஒருவர் வருவார். ஐம்பது வயதிருக்கும். காலை பத்து மணிக்கு அவருக்குத் தேநீர். காகிதக் குவளையில், கொல்லைப்புறத்தில். அதே வேளையில் முன் திண்ணையில் துணைவருக்கும் தேநீர். வெள்ளிபோல் துலக்கிய எவர்சில்வர் குவளையில். இரட்டைக் குவளை ஒழிந்ததென்று நாம் மார் தட்டுகிறோம். ஒழிந்தது இரண்டாவது குவளையைக் கழுவும் வேலை மட்டுமே! குடித்துவிட்டுக் கசக்கி எறிந்துவிட்டால் தடயமும் இல்லை. தீண்டாமை சுகாதாரம் கற்றுக்கொண்டுவிட்டது.

திண்ணையில் அமர்ந்திருந்தவரும் கொல்லையில் நின்றவரும் பிறந்த தெருவுக்கு இந்நாட்டில் ஒரே பெயர். ஒருவருக்கு எவர்சில்வர், ஒருவருக்குக் காகிதம். இடையில் இருந்தது என்ன? துணைவியார் வாசற்படியில் சொன்ன ஊர்ப்பெயர்! தேநீர் தொண்டையில் இறங்கவில்லை என்று நண்பர் நம்மிடம் சொன்னார். அறத்தின் முடிச்சு இங்கேதான் விழுகிறது என்போம். அதுவரை அவரைக் காத்த மௌனம், அந்தக் குவளையை ஏந்திய கணத்தில் வேறு தொழில் செய்யத் தொடங்கிவிட்டது. கேடயமாக இருந்தது கூலியாகிவிட்டது. அடி விழாமலிருக்க மறைத்துக்கொள்வது ஒன்று. பிறர்க்கு மறுக்கப்படும் மதிப்பை மறைவில் நின்று பெற்றுக்கொள்வது முற்றிலும் வேறு. முன்னதில் தீங்கு இல்லை. பின்னதில், கொல்லைப்புறத்தில் நிற்பவர் மீது எழுப்பிய சுவருக்கு நாமும் ஒரு செங்கல்.

மறைக்க முடிவதே ஒரு சலுகைதான். கொல்லையில் நின்றவரை ஊர் முழுதும் அறியும். அவர் எந்தப் பக்கத்தைச் சொல்லித் தப்ப முடியும்?

"தொடக்கத்திலேயே நெஞ்சு நிமிர்த்தி, சாதி மறுத்தவர்கள் நாங்கள் என்று முழங்கியிருக்க வேண்டும்!" என்று கொதிக்கும் இளைஞர்களை நாம் அறிவோம். கொதிப்பு நல்லது. ஆனால் வீரத்தை இன்னொருவரிடம் எதிர்பார்ப்பவர், அவர் தலைக்குமேல் ஒரு கூரையையும் எதிர்பார்த்து வைக்கவேண்டும். மாநாட்டுப் பந்தலில் அவர்களுக்கு இடமுண்டு. நம் மாடியறையில் உண்டா? கூட்டத்தில் கைதட்டுகிற நம்மில் எத்தனை பேர், 'வீடு வாடகைக்கு' என்ற பலகையைத் தொங்கவிட்டுவிட்டு, "அம்மா கொஞ்சம் பழைய காலத்து மனுசி" என்று தாயின் முதுகுக்குப் பின் ஒளிந்துகொள்கிறோம்? கலைஞர் அரசு 1997-இல் பெரியார் பெயரால் சமத்துவபுரத் திட்டத்தைத் தொடங்கியது. பல சாதியார் அடுத்தடுத்து வாழ வீடு கட்டித் தந்தது. நற்செயல். எனினும் மாற்றலாணையோடு கடலோரத்தில் வந்திறங்கும் செவிலியருக்கு வேண்டியது ஓர் அறை, அன்று மாலைக்குள். அதை அரசாணையால் தர இயலாது. வீட்டுக்காரர்தான் தரமுடியும், அந்த வீட்டுக்காரர் இவ்வேட்டைப் படிப்பவராகவும் இருக்கலாம்.

நண்பர் என்ன செய்தார்? ஒரு காலை, எவர்சில்வர் குவளையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குச் சென்றார். அதை அவரிடம் நீட்டி, காகிதக் குவளையைத் தாம் வாங்கிக் குடித்தார். பெரியவர் பார்த்தார். "ஐயா, நானும் அந்தப் பக்கம்தான்" என்றார் நண்பர். கூச்சல் இல்லை, குத்துவெட்டு இல்லை. இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள், "தங்கச்சி மகன் வர்றான், அடுத்த மாசம் வீடு வேணும்மா" என்று செவிலியரிடம் மெதுவாகச் சொன்னார். அரிசி அளந்த கைதான் திறவுகோலையும் திரும்ப வாங்கிற்று. நல்ல மனிதரிடமும் சாதி எத்துணை அமைதியாகக் குடியிருக்கிறது, பாருங்கள்! வெறியனை எதிர்க்க நம்மிடம் முழக்கம் உண்டு. இவரை எதிர்க்க என்ன உண்டு?

அடுத்த வீடு ஆழிப்பேரலைக்குப் பின் கட்டிய சிமெண்டு வீடு. மீன் விற்கும் அம்மையார் ஒருவருடையது. உழைப்பாளி வீட்டில் சாதி இருக்காது என்று எழுத நமக்கும் ஆசைதான், பொய்யாகிவிடும். அவரும் கேட்டார், சுற்றி வளைக்காமலே கேட்டார்: "நீங்க என்ன ஆளுங்க?" இம்முறை இருவரும் சொன்னார்கள். அம்மையார், தம்பியைக் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். தம்பி பஞ்சாயத்தாரைக் கேட்டாராம். நான்காம் நாள் வீடு கிடைத்தது. வாடகையில் ஐந்நூறு ரூபாய் கூட. அதை வெற்றி என்பதா? நண்பர் வீடு என்று மட்டுமே சொல்கிறார்.

இன்னொன்றையும் எழுதாவிட்டால் கட்டுரை முழுமையாகாது. தோப்பு வேலைக்காரர் அன்றிரவே நண்பரைத் தேடி வந்தார், நன்றி கூற அன்று, சண்டை பிடிக்க! "தம்பி, உங்க மனசுக்கு நல்லாருந்துச்சு, செஞ்சீங்க. நாளைக்கு வர வேணாம்னுட்டாரு. என் கூலிய யாரு குடுப்பா?" எவர்சில்வர் குவளையை அவர் கேட்டதில்லை. அவரைக் கேட்காமலே அவர் கையில் அது திணிக்கப்பட்டது. கூலியைப் பறித்தவர் பெரியவரே. அந்தப் பழியை உண்மை சொன்னவர் தலையில் நாம் ஏற்றமாட்டோம். ஆனாலும் தம் பிறப்பை வெளியிட நண்பருக்கு இருந்த உரிமை, இன்னொருவரின் தேநீரைப் போர்க்களமாக்கும் உரிமையைத் தந்துவிடவில்லை. "ஐயா, நானும் அந்தப் பக்கம்தான்" என்ற ஒரு தொடரோடு நின்றிருக்கலாம். அதன் விலையை அவர் ஒருவரே செலுத்தியிருப்பார். குவளை மாற்றத்தை முன்னிரவே அந்த உழைப்பாளியிடம் பேசியிருந்தால், அவர் வேண்டாமென்றிருக்கலாம். சேர்ந்தே செய்வோம் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டில் எதுவாயினும் அது அவருடைய முடிவாக இருந்திருக்கும்.

பிறகு அவருக்கு வேறு தோப்பில் வேலை கிடைத்தது. ஞாயிறுதோறும் சிமெண்டு வீட்டுக்கு வருவார், செவிலியரிடம் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வார், தேநீர் அருந்துவார். போன கூலியை இன்றும் நினைவூட்டத் தவறுவதில்லை. அவர் கணக்கில் எட்டு நாள். நண்பர் ஆறு என்கிறார்.