வாய்மையும் உயிரிரக்கமும்: கிறித்துவ ஆசிரியர் கொள்கை

பொய்யாமை எல்லாச் சமயத்தாரும் ஒருங்கு உடன்பட்ட அறமாகும். ஆயின், அவ்வறமும் உயிரிரக்கமும் தம்முள் மாறுபட்டு நிற்குமிடத்து எதனைக் கைக்கொள்வது என்னும் வினாவிற்குச் சமய ஆசிரியர்கள் ஒருமுகமாக விடை கூறினாரல்லர். கிறித்துவ சமயத்தில் இவ்வினா ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டு வருகின்றது. அவ்வாராய்ச்சியின் போக்கும் அதனாற் பெறப்படும் துணிபும் ஈண்டுச் சுருங்கக் கூறப்படும்.

மோசே வாயிலாக இஸ்ரவேலர்க்கு அருளப்பட்ட கட்டளைகள் பத்தனுள், அயலானுக்கு எதிராகப் பொய்ச்சான்று கூறலாகாது என்பது ஒன்று. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் இதனை எட்டாவதாகவும், ஏனைச் சீர்திருத்த சபையாருட் பெரும்பாலார் ஒன்பதாவதாகவும் எண்ணுவர். இயேசுநாதர் தம் மலைப்பிரசங்கத்தில் இதனை மேலும் விரித்து, ஆணையிடுதலே வேண்டா, உளதை உளதென்றும் இலதை இலதென்றும் கூறுதலே அமையும் என்று உணர்த்தினார். யோவான் சுவிசேஷத்தில் அவர் தம்மையே சத்தியம் என்று கூறுகின்றார். ஆகவே, கிறித்துவர்க்கு வாய்மை என்பது நிகழ்ந்தது கூறுதலாகிய சொல்லளவில் நிற்பதன்று. அஃது இறைவன் இயல்பேயாம். பொய் கூறுவோன் கேட்பானுக்கு மட்டுமன்றி இறைவனுக்கும் பிழை செய்தவனாகின்றான்.

இக்கொள்கையை அளவை நூல் முறையால் நிறுவியவர் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து ஆயராக விளங்கிய அகுஸ்தீன் அடிகள் (கி.பி. 354–430). இவர் ஏறத்தாழ 395-இல் பொய்யைப் பற்றி ஒரு நூலும், ஏறத்தாழ 420-இல் பொய்யை மறுத்து மற்றொரு நூலும் இயற்றினார். பொய்யாவது, நெஞ்சத்து ஒன்றை வைத்து வாயால் வேறொன்றைப் பிறரை ஏமாற்றுங் கருத்துடன் கூறுதல். தான் மெய்யென்று நம்பியதைக் கூறி அது பின்னர்ப் பொய்யாய் முடியின், கூறினோன் பிழைபட்டவனேயன்றிப் பொய்யனாகான். இவ்வாறு இலக்கணங் கூறிப் பொய்யை எட்டு வகையாகப் பகுத்து, சமயங் கற்பிக்குமிடத்துக் கூறும் பொய்யை அவற்றுள் மிகக் கொடியதாக முதற்கண் வைத்தார். எவர்க்குந் தீங்கின்றி ஒருவர்க்கு நன்மை பயக்கும் பொய்யைத் தாழ்ந்த குற்றமாக இறுதிக்கண் வைத்தார். எனினும் எட்டும் பாவமே என்பது அவர் முடிபு. தீமை பயவாத சொல்லே வாய்மை என்னும் திருவள்ளுவர் கொள்கையிற் பயின்றோர்க்கு இம்முடிபு கடுமையாகத் தோன்றக்கூடும்.

அற்றேல், கொலைக்கு அஞ்சி ஒளிந்தானைக் காட்டிக் கொடுத்தல் வேண்டுமோ எனின், வேண்டா என்க. அகுஸ்தீன் அடிகளே இதற்கு ஒரு சான்று காட்டுவர். அவர் பிறந்த தகாஸ்தே என்னும் ஊரில் முன்னர் பிர்முஸ் என்பார் ஆயராயிருந்தார். அவர் தம்மிடம் அடைக்கலம் புகுந்த ஒருவனை மறைத்து வைத்திருந்தார். பேரரசன் ஏவலர் வந்து அவனைக் கேட்ப, தாம் பொய் கூறுதலும் செய்யார், அவனைக் காட்டிக் கொடுத்தலும் செய்யார் என்று விடை பகர்ந்தார். அவர்கள் பலவாறு வருத்தியும் அவர் நிலை கலங்கினாரல்லர். அரசன் முன் நிறுத்தப்பட்டபொழுது, அவர் திண்மையை வியந்து அரசன் மறைந்திருந்தானை மன்னித்தான். உண்மையை மறைத்தல் வேறு, பொய் கூறுதல் வேறு என்பது இதனாற் பெறப்படும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தோமா அக்குவினாரும் இவ்வேறுபாட்டையே தழுவி, எப்பொய்யும் குற்றம், ஆயினும் உண்மையை அறிவுடைமையோடு மறைத்து வைத்தல் குற்றமன்று என்றார்.

அஃதேல், எகிப்து மன்னன் ஆணைக்கு உடன்படாது எபிரேய ஆண்மகவுகளைக் காத்த மருத்துவிச்சியர் அம்மன்னனிடம் மெய்யல்லாத காரணங் கூறினர். எரிகோ நகரத்து ராகாப் ஒற்றரை மறைத்து வைத்துப் பொய் கூறினாள். இவர்க்கு இறைவன் நன்மையே செய்தான் என்று வேதங் கூறுகின்றதே எனின், இறைவன் கைம்மாறு அளித்தது அவர்தம் இரக்கத்திற்கே, பொய்க்கன்று என்பது அகுஸ்தீன் அடிகள் விடை. இவ்விடையால் அமைதியுறாதாரும் அக்காலத்தே இருந்தனர். துறவியாகிய யோவான் காசியன் என்பார் நூலில், பொய் ஒரு நச்சுமருந்தோடு ஒப்பிடப்படுகின்றது. உயிர்க்கு இறுதி நேரும் பிணிக்கண் அது மருந்தாகும். பிணியில்லாதான் உண்ணின் அதுவே கொல்லும். காசியனும் நஞ்சை அமுதென்று கூறினாரல்லர் என்பது கருதத்தக்கது.

இனி, உயிரைக் காத்தற்பொருட்டன்றிச் சமயத்தைக் காத்தற்பொருட்டுக் கூறும் பொய்யைப் பற்றி அகுஸ்தீன் அடிகள் சிறிதும் நெகிழ்ந்திலர். ஸ்பெயின் நாட்டில் பிரிசில்லியன் கொள்கையினர் தம்மை மறைத்து வாழ்ந்தமையின், அவர்போல் நடித்துப் பொய் கூறி அவரை வெளிப்படுத்தலாமோ என்று ஒருவர் வினவ, அதற்கு விடையாக எழுந்ததே அவருடைய இரண்டாம் நூல். சமயத்தின்பொருட்டுப் பொய் கூறலாம் என்று ஆசிரியன் ஒருகாற் கொள்வானாயின், அவன் கூறும் சமய உண்மைகளையும் மாணவன் எவ்வாறு நம்புவான் என்பதே அவர் காட்டிய ஏது.

இவ்வேதுவின் வலிமையைப் பின்வந்த வரலாறு காட்டிற்று. கான்ஸ்டன்டைன் பேரரசன் உரோமாபுரியையும் மேலை நாடுகளையும் உரோமை ஆயர்க்குத் தானஞ் செய்ததாக ஒரு சாசனம் எட்டாம் நூற்றாண்டிற் புனையப்பட்டது. பல நூற்றாண்டு அது மெய்யெனவே மதிக்கப்பட்டது. 1440-இல் லொரென்சோ வல்லா என்னும் இத்தாலியப் புலவர் அதன் இலத்தீன் நடையை ஆராய்ந்து, அது நான்காம் நூற்றாண்டு நடையன்று என நிறுவினார். உரோம அதிகாரிகளைக் குறிக்கச் சத்திரபர் என்னும் பாரசீக வழிச்சொல் அதன்கண் வந்துள்ளமையை அவர் எடுத்துக்காட்டினார். பொய்யை வெளிப்படுத்தியவரும் ஒரு கிறித்துவரே. சமயத்திற்கு அரண் என்று கருதி எழுப்பியது அதற்கே இழுக்காய் முடிந்தது. எச்சமயத்தாரும் உளங்கொளத்தக்க செய்தி இது.

சமயப் பொய் இவ்வாறு ஒழிய, உயிர் காக்கும் பொய்யே எஞ்சிய வினா. இரண்டாம் உலகப்போரில் நெதர்லாந்து நாட்டை நாசியர் கைப்பற்றி யூதரைக் கொன்றொழிக்க முற்பட்டபொழுது, ஹார்லெம் நகரிற் கடிகாரத் தொழில் நடத்திய டென் பூம் என்னும் கிறித்துவக் குடும்பத்தார் யூதர்க்கு அடைக்கலம் அளித்தனர். அவருள் கோரி என்பார் 1971-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் உடன்பிறந்தார் இருவர் நிலையையும் உரைக்கின்றார். நாலி என்னும் தமக்கையார், தம் இல்லத்திருந்த பெண் யூதப் பெண்ணோ என்று காவலர் வினவ, ஆம் என்று மெய் கூறினார். இருவரும் சிறைப்பட்டனர். சில நாட்களில் அப்பெண்ணைப் பிறர் மீட்டனர். 1944 பிப்ரவரி 28-இல் கோரியின் இல்லம் சோதிக்கப்பட்டபொழுதோ, அவர் அடியுண்டும், யூதர் எவரும் இலர் என்றே கூறினார். சுவரின் பின்னிருந்த அறுவரும் அகப்பட்டிலர். தந்தையார் பத்து நாளிற் சிறையில் இறந்தார். மற்றொரு தமக்கையாராகிய பெட்ஸி அவ்வாண்டு டிசம்பரில் ராவன்ஸ்பிரூக் முகாமில் இறந்தார்.

இருவரும் ஒரே வேதம் ஓதியவர். ஒரே இறைவனுக்கு அஞ்சியவர். இவருள் வாய்மை வழுவாதார் யாவர்? இவ்விடத்தே பிர்முஸ் வரலாற்றை மீண்டும் நோக்குதல் வேண்டும். அவர் வாய்மைக்கு விலையாகத் தம் உடலையே வைத்தார். நாலியார் வைத்த விலையிற் பிறிதோர் உயிரும் அடங்கியிருந்தது. தன்னுயிரை வைத்து வாய்மை காத்தல் வேறு, பிறர் உயிரை வைத்து வாய்மை காத்தல் வேறு. அப்பெண் மீட்கப்பட்டமை இறையருளேயாகலாம். அஃது அச்செயலுக்கு நியாயமாகாது.

ஜெர்மனி நாட்டு லூத்தரன் போதகராகிய தீட்ரிக் போன்ஹோபர், 1943-இல் பெர்லின் நகரத்துத் தேகல் சிறையில், உண்மை கூறுதல் யாது என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார், அது முற்றுப்பெறவில்லை. தந்தை குடித்துவிட்டு வருவதுண்டோ என்று வகுப்பிற் பலர் முன் ஆசிரியர் வினவ, உண்மையாயிருந்தும் இல்லையென்று மறுக்கும் சிறுவனை அதில் அவர் காட்டுகின்றார். கேட்கத் தகாததைக் கேட்ட ஆசிரியர் மேலதே அக்குற்றம் என்பது அவர் கருத்து. தோழரைக் காத்தற்பொருட்டு விசாரணையில் உண்மையை மறைத்து நின்ற அவர் 1945 ஏப்ரல் 9-இல் தூக்கிலிடப்பட்டார். பிறர்பொருட்டுக் குற்றத்தைத் தன்மேல் ஏற்போன் அதனை அறமென்று பெருமை கொள்ளாது, இறைவன் இரக்கத்திற்கே தன்னை ஒப்புவித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆகவே, தன்னலத்திற்கும் சமயத்திற்கும் பொய் ஒருகாலும் ஆகாது. மௌனத்தாற் காக்கக்கூடிய உயிரை மௌனத்தாற் காத்தலே தலையாய நெறி. மௌனமுங் காவாத இடத்து, கொலைஞனிடம் மெய்யுரைத்துத் தன் தூய்மையை நாடுவோன், பிறன் உயிரைத் தன் தூய்மைக்கு விலையாக்குகின்றான். ஆண்டுப் பொய்த்துக் காத்தோன் அப்பழியைத் தான் சுமந்து இறைவன் முன் தாழ்ந்து நிற்கின்றான். இவருள் அருள் நெஞ்சத்தான் யாவன் என்பது சான்றோர் அறிவர்.