கோழியின் இறகும் விற்பவனின் அறியாமையும்

வணிகர் படிக்கும் ஏட்டில் கோழிப்பேனுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைத்து முடித்தபின் தொடர்ந்து படிக்க வேண்டுகிறேன். இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி கொல்லைப்புறக் கோழியில் தொடங்கினாலும், ஜவுளிக்கடை, மளிகைக்கடை எல்லாவற்றுக்கும் பொருந்துவதாகும்.

கம்பத்து வீடொன்றில் ஐந்தாறு கோழிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டைக்கு வால்புறத்திலும் வயிற்றடியிலும் இறகு கொட்டுகிறது, முட்டையும் குறைந்துவிட்டது. 'இறகு உதிர்க்கும் பருவம் போலும்' என்று வீட்டுக்காரர் எண்ணிக்கொண்டு, அதைப் பக்கத்து வீட்டாருக்கு விற்றுவிடுகிறார். சில வாரங்களில் வாங்கியவரின் கோழிகளும் இறகிழந்து நிற்கின்றன. அவர் வந்து கேட்டால், "எனக்குத் தெரியாதே!" என்கிறார் விற்றவர். அவர் கூறுவது பொய்யன்று. உண்மையாகவே அவருக்குத் தெரியாது. அந்த அறியாமை அவரைக் காப்பாற்றுமா?

இதற்கு விடை காண, எது தெரிந்துகொள்ளத்தக்கது, எது அல்ல என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இறகு கொட்டுவதெல்லாம் நோயன்று. பருவத்தில் உதிர்ந்தால் தலையிலும் கழுத்திலும் தொடங்கிக் கீழே இறங்கும். உதிர்ந்த இடத்தில் புதுக்குருத்து முளைத்து வரும். சேவல் மிதித்து முதுகு வழுக்கையாவதும் உண்டு. பேன் என்றால் நிலைமை வேறு. ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகை விலக்கினால் வைக்கோல் நிறப் பூச்சிகள் வெளிச்சத்துக்கு அஞ்சி ஓடும். இறகுத் தண்டின் அடியில் ஈர்கள் கொத்தாக ஒட்டியிருக்கும். இப்பேன் பிறப்பது முதல் இறப்பது வரை கோழியின் உடலிலேயே வாழ்வது. கோழியை விட்டு விழுந்தால் சில நாட்களில் சாகும். ஆகவே, விற்ற கோழியோடு அதுவும் வாங்குபவர் வீட்டுக்குக் குடிபோகும்.

செள் என்னும் மிகச்சிறு பூச்சியோ இரத்தம் குடிப்பது. நம் போன்ற வெப்ப நாடுகளில் காணப்படும் ஒரு வகை கோழியின் மேலும் முட்டையிடும் கூடையிலும் இருக்கும். முட்டை எடுக்கப் போகிறவர் கையிலும் ஏறிக் கடிக்கும். சிவப்புச் செள் என்பது பகலில் கூட்டின் மரவிரிசல்களில் ஒளிந்திருந்து, இரவில் வந்து குடித்துவிட்டுத் திரும்பும். உணவின்றியே பல மாதங்கள் உயிரோடிருக்கும். இது பிடித்த கூட்டுக்காரர் கோழியை விற்றாலும், தொல்லையைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். அடுத்து வாங்கிவிடும் கோழி அதற்கு இரையாகும்!

இவற்றைக் கண்டறிய வைத்தியர் வேண்டியதில்லை. இறகை விலக்க ஒரு விரலும், இரவில் கூட்டைப் பார்க்க ஒரு கைவிளக்கும் போதும்.

தானியக் குவியலுள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை நம் வணிகர் அனைவரும் அறிவர். அங்கே விற்றவருக்கு மழை நனைத்தது தெரியும். நம் கோழிக்காரர் குவியலுள் கையே விடாதவர். எனவே அவர் நிலை வேறு என்று வாதிடலாம்.

ஷாஃபிஈ மத்ஹபின் நூலாகிய 'மின்ஹாஜ்' இதனை நுணுக்கமாக அணுகுகிறது. 'எந்த ஐபுக்கும் நான் பொறுப்பல்லேன்' என்று நிபந்தனையிட்டு விற்றவனும், பிராணியின் உள்ளே மறைந்திருந்து, அவனும் அறியாத குறையிலிருந்தே விடுபடுவான். மற்றவற்றுக்குப் பொறுப்பாளியே என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்கள் காட்டும் நிலை. ஹனஃபி மத்ஹபில் இந்நிபந்தனைக்கு இடம் விரிவு. நான் மார்க்கத் தீர்ப்புக் கூற வந்தவனல்லேன், ஆலிம்கள் இருக்கிறார்கள். ஆயினும் ஒன்று கேட்கலாம். இறகுக்கு அடியில் இருப்பது உள்ளே இருப்பதாகுமா? ஈரலில் உள்ள கட்டியை யாரும் காணமுடியாது. இறகு அப்படிப்பட்ட திரையன்று. 'விற்ற சாமான் திரும்ப வாங்கப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருக்கும் நம்மவர்களும் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

"அப்படியானால் விற்பவன் எவ்வளவுதான் சோதிப்பது? வரம்பு இல்லையா?" எனக் கேட்பது நியாயமே. வரம்பு உண்டு. அதை வெளியே தேடவேண்டாம். இதே மனிதர் சந்தையில் கோழி வாங்கும்போது என்ன செய்கிறார்? காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குகிறார். வயிற்றடி இறகை ஊதிப் பார்க்கிறார். கால் செதில் தூக்கி நின்றால் அங்கும் செள் புகுந்திருப்பதை அறிந்து விலையைக் குறைக்கிறார். வாங்கும்போது இருந்த கண் விற்கும்போது எங்கே போயிற்று? வாங்கும்போது எவ்வளவு பார்ப்பாரோ, அவ்வளவாவது விற்கும்போது பார்க்கக் கடமைப்பட்டவர். அதற்குக் குறைந்த அறியாமை அவராகத் தேர்ந்துகொண்டது. அதை 'தெரியாது' என்ற சொல்லால் மூடுவது எனக்கு ஒப்பவில்லை.

மெய்யான அறியாமைக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2017-ஆம் ஆண்டில் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் சிவப்புச் செள்ளை ஒழிக்கப் பண்ணையாளர்கள் ஆள்வைத்து மருந்தடித்தனர். மூலிகை மருந்தென்று விற்கப்பட்ட அதில், உணவுக்கான கோழிகளுக்குத் தடைசெய்யப்பட்ட ஃபிப்ரோனில் கலந்திருந்தது. இலட்சக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. ஃபிப்ரோனிலை எந்த விரலாலும் விலக்கிப் பார்க்க இயலாது. அத்தகைய பண்ணையாளரைக் குற்றவாளி என்று சொல்ல என் மனம் துணியவில்லை. இருந்தும் நட்டம் அவர்களையும் விடவில்லை.

நம் கோழிக்காரர் செய்யக்கூடியது எளிது. கோழிகளுக்கென்று விற்கும் பெர்மெத்ரின் தூளை இறக்கையடியிலும் ஆசனவாய்ப் புறத்திலும் தேய்க்க வேண்டும். தூள் ஈரைக் கொல்லாது. ஆகையால் ஏழு முதல் பத்து நாட்களில் மறுமுறையும் தூவ வேண்டும். எல்லாக் கோழிகளுக்கும் ஒரே நாளில் செய்யாவிடில் பயனில்லை. கூட்டின் பழைய வைக்கோலை எரித்து, விரிசல்களிலும் மருந்திட வேண்டும். செதில் தூக்கிய காலுக்கு வாஸ்லின் தடவிவரலாம். சாம்பல் கலந்த மணலை ஒரு மூலையில் கொட்டிவைத்தால் கோழி தானே புரண்டு குளித்துக்கொள்ளும். விற்றாலும் விற்காவிட்டாலும், இரவெல்லாம் கடிபட்டு வாய்திறந்து சொல்ல முடியாத அந்த ஜீவனுக்கு இது சேரவேண்டியதே.

நன்றாகக் குணமான கோழியை விற்கும்போது பழைய பேனைச் சொல்ல வேண்டுமா? நீங்கிய குறை குறையாகாது. சொல்லத் தேவையில்லை என்றே எண்ணுகிறேன். ஆனால் மருந்து தூவிய தேதியைச் சொல்லத்தான் வேண்டும். வாங்குபவர் அன்றைய முட்டையைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்கலாமா, சில நாள் பொறுக்க வேண்டுமா என்பது மருந்து டப்பாவின் மேல் எழுதியிருக்கும். டப்பா விற்பவர் வீட்டில் அல்லவா இருக்கிறது?