அவரவர் பாடு

யாரும் பார்க்காத இடத்தில் ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டீர்கள். உடனே நகர்ந்துவிட்டால் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. நகர்வீர்களா, நிற்பீர்களா?

அவசரப்பட்டு 'நிற்பேன்' என்று சொல்லாதீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், பழவேற்காட்டுக்கு மீன் பிடிக்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும்.

ஐம்பது வயசுக்கு மேல் எனக்கு வந்த புதுக் கிறுக்கு, தூண்டில். ராடு, ரீல், ஈயக்குண்டு, விதவிதமான முள் என்று ஒரு பை நிறைய வாங்கிவிட்டேன். மீன் மட்டும்தான் பாக்கி. 'இங்கே வாங்கண்ணா, பழவேற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்' என்று கூப்பிட்டார் கும்மிடிப்பூண்டி நண்பர். சிப்காட்டில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். 1990-ல் பத்து வயசுப் பையனாக மன்னாரிலிருந்து அப்பா அம்மாவோடு படகில் வந்தவர். வளர்ந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாமே கும்மிடிப்பூண்டி முகாமில்தான்.

சனிக்கிழமை ராத்திரியே போய்த் தங்கிவிட்டேன். விடியற்காலை நாலரைக்கு பைக்கில் கிளம்பினோம். புகைக்கூண்டுகளின் சிவப்பு விளக்குகள் பின்னால் போயின. கவரைப்பேட்டை, பொன்னேரி தாண்டியதும் காற்றின் வாசனை மாறியது. முதலில் வயல் ஈரம், அப்புறம் உப்பு. பழவேற்காட்டுப் பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பத்துக் கடற்கரையில் நின்றபோது கிழக்கே லேசாக வெளுத்திருந்தது.

தெரியாத ஊரில் தெரியாத கடல். அலை எங்கே உடைகிறது, பள்ளம் எங்கே, எங்கே போட்டால் முள் பாறையில் மாட்டும் என்று எதுவும் தெரியாது. முக்கால் மணி நேரம் வீசினேன். இரண்டு முறை தங்கூஸ் சிக்கிக்கொண்டது. மூன்றாவது முறை ஈயத்தோடு அறுந்து போனது. கவிழ்த்துப் போட்ட படகு நிழலில் படுத்திருந்த நாய் ஒன்று எழுந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அதற்குக்கூட நம்பிக்கை இல்லை.

'ஏரிப் பக்கம் போகலாம்ணா' என்றார் நண்பர்.

பழவேற்காடு ஏரி சாதாரண ஏரி இல்லை. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி மட்டும் நம்மிடம். ஆரணி ஆறு உள்ளே வந்து சேர்கிறது. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது, வெளியே போகிறது. அந்த வரத்துப் போக்கில்தான் இறாலும் மடவையும் கொடுவாவும் வளர்கின்றன. முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டால் ஏரிக்கு மூச்சு முட்டும், கரையில் இருப்பவர்களுக்கு வயிறு காயும்.

கரையோரமாக நடந்து ஓர் இடத்தில் நின்றோம். தண்ணீர் ஓடையாக ஓடுகிற இடம். தூரத்தில் வரிசையாகக் கம்புகள் நட்டிருந்தன. வீசின உடனே கீச்சான் ஒன்று மாட்டியது. முள்ளைக் கழற்றும்போது அது 'கீச் கீச்' என்று கத்தியது. பெயருக்கேற்ற மீன். அடுத்து இன்னொன்று. அப்புறம் ஒரு கிழங்கான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்புகள் பக்கம்தான் மீன் இருக்கிறது என்று எனக்கு நானே ஒரு தியரி கண்டுபிடித்து, முழு பலத்தோடு அந்தப் பக்கம் வீசினேன்.

இழுத்தேன். வரவில்லை. பெரிய மீன் என்று நினைத்து ராடு வளைகிற அளவுக்கு இழுத்தேன். சட்டென்று ஏதோ விட்டுக்கொடுத்தது. முள்ளோடு வந்தது மீன் இல்லை. ஒரு கை அகலத்துக்கு வலை.

யாரோ ஒருவர் கம்புகளுக்கு நடுவில் கட்டி வைத்திருந்த வலையைக் கிழித்துவிட்டேன்.

சுற்றும் முற்றும் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. அந்த நிமிஷம் என் வாயிலிருந்து வந்த வார்த்தையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: 'கிளம்பிடலாம்.'

நண்பர் நகரவில்லை. 'வலைக்காரர் வர்ற நேரம்தாண்ணா. சொல்லிட்டுப் போயிடலாம்' என்றார்.

'யாருக்குத் தெரியப் போகுது? நண்டு கிழிச்சதுன்னு நினைச்சுக்குவாரு.'

'நண்டு தங்கூஸ் போட்டா பிடிக்கும்?'

உட்கார்ந்தோம். அந்த அரை மணி நேரம் எனக்குள் ஒரு வக்கீல் வாதாடிக்கொண்டே இருந்தார். நம் எல்லோருக்குள்ளும் அவர் இருக்கிறார். ஃபீஸே வாங்காமல் நமக்காக மட்டும் ஆஜராவார். கடல் என்ன யார் அப்பன் வீட்டுச் சொத்தா? இங்கே வலை இருக்கிறது என்று போர்டு வைத்தார்களா? நான் என்ன வேண்டுமென்றா செய்தேன்?

படகில் ஒரு பெரியவர் வந்தார். அறுபது இருக்கும். நண்பர் எழுந்து நின்று, 'ஐயா, எங்க தூண்டில் உங்க வலைல மாட்டிடுச்சு. கொஞ்சம் கிழிஞ்சிருக்கும்' என்றார். பெரியவர் பதில் சொல்லாமல் போய் வலையைத் தூக்கிப் பார்த்தார். திரும்பி வந்தார். முகம் இறுகியிருந்தது.

'போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா இன்னா? எங்க போடணும்னு நானே சொல்லியிருப்பேன்ல?'

எனக்குள் இருந்த வக்கீல் வாயைத் திறந்துவிட்டார். 'கடல் எல்லாருக்கும் பொதுதானேங்க?'

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'பொதுதான். அதனாலதான் முறை வச்சிருக்கோம். சொந்தமா இருந்தா முறை எதுக்கு சார்?'

அப்புறம்தான் விவரம் சொன்னார். பழவேற்காட்டில் அதற்குப் பெயர் 'பாடு'. ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் எவையென்று தலைமுறை தலைமுறையாகத் தெரியும். எல்லோரும் ஒரே இடத்தில் போய் விழுந்தால் அடிதடிதான். அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருத்தனுக்கே நிலைக்காது. மோசமான இடமும் ஒருத்தன் தலையிலேயே விழாது. இன்றைக்கு அந்த ஓடை அவர் பாடு. அதைத்தான் நான் கெடுத்திருந்தேன்.

'வலையை அரை நாள்ல முடிச்சிடுவேன் சார். போன பாடு போனதுதான். மறுபடி இந்த எடம் எனக்கு எப்ப வருமோ.'

இருநூறு ரூபாய் நீட்டினேன். பெருந்தன்மையாக மறுத்துவிடுவார் என்று சினிமா பார்த்த மனசு எதிர்பார்த்தது. அவர் வாங்கி எண்ணிப் பார்த்து, 'நூல் மட்டுமே இதுக்கு மேல ஆவும்' என்றார். இன்னொரு இருநூறு கொடுத்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதுதான் சரி. தப்புக்கு விலை கேட்பவரை விட, மன்னித்து அனுப்புகிறவர் நமக்கு வசதி. ஆனால் அந்த வசதிக்கான செலவு அவருடையது.

அவர் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. சொந்தமா இருந்தா முறை எதுக்கு?

1609-ல் ஹாலந்தில் ஒரு சின்னப் புத்தகம் வெளியானது. எழுதியவர் க்ரோஷியஸ் என்கிற இளம் வழக்கறிஞர். கடல் யாருக்கும் சொந்தமாக முடியாது, எல்லோருக்கும் திறந்தது என்பது அவர் வாதம். எத்தனை பேர் கப்பல் ஓட்டினாலும் மீன் பிடித்தாலும் கடல் தீராது என்றார். எவ்வளவு அழகான தத்துவம்! ஆனால் அவர் வாதாடியது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக. கிழக்குக் கடல் எங்களுக்கே என்று சொல்லிக்கொண்டிருந்த போர்த்துக்கீசியர்களுக்கு எதிராக. அதே கம்பெனி 1613-ல் கோட்டை கட்டியது எங்கே தெரியுமா? இதே பழவேற்காட்டில். கெல்ட்ரியா கோட்டை. அந்தப் பக்கம் மசாலாத் தீவுகளில் ஜாதிக்காயை வேறு யாரும் தொடக் கூடாது என்று பீரங்கியோடு காவல் நின்றதும் அவர்கள்தான். உள்ளே போகிற வரைக்கும் 'எல்லாருக்கும் பொது'. உள்ளே போன பிறகு 'எனக்கு மட்டும்'. கோட்டை இடிந்து போனது. எலும்புக்கூடுகள் செதுக்கிய வாசலோடு அவர்களின் கல்லறைத் தோட்டம் மட்டும் பழவேற்காட்டில் மிச்சம்.

நானூறு வருஷம் கழித்து, ஒரு ரீலும் ராடும் வைத்துக்கொண்டு நான் சொன்னதும் அதே வாதம்தான்.

1968-ல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்கர், பொதுச் சொத்து என்றாலே நாசம்தான் என்று எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் 'இன்னொரு மாடு விட்டால் எனக்கென்ன நஷ்டம்' என்று நினைப்பான். கடைசியில் புல்லே மிஞ்சாது. ஒன்று தனியாருக்குக் கொடு, இல்லை அரசாங்கம் கட்டுப்படுத்தட்டும் என்பது அவர் தீர்ப்பு. எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் 'இரு, ஊருக்குள் போய்ப் பார்க்கலாம்' என்றார். துருக்கியில் அலன்யா என்ற ஊர். மீனவர்கள் நல்ல இடங்களைப் பட்டியல் போட்டு, வருஷா வருஷம் செப்டம்பரில் சீட்டெடுத்து, தினம் ஓர் இடம் நகர்ந்து நகர்ந்து வலை போட்டார்கள். நம்முடைய பாடு மாதிரியேதான். முதலாளியும் இல்லை, போலீசும் இல்லை, புல்லும் மிச்சம், மாடும் மிச்சம். இப்படிப்பட்ட ஊர்களைப் பற்றி எழுதிய அந்த அம்மாவுக்கு 2009-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். பழவேற்காட்டுப் பெரியவருக்கு எந்தப் பரிசும் கிடையாது. நானூறு ரூபாய் கிடைத்தது.

இங்கேயே முடித்தால் கட்டுரை சுபம். ஆனால் அன்று காலை இன்னொன்றும் பார்த்தேன்.

திரும்பும் வழியில் முழங்கால் தண்ணீரில் சில பெண்கள் குனிந்து சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். வாயில் பனையோலைப் பறியைக் கவ்விக்கொண்டு, கையில் அகப்படும் இறாலை அதில் போட்டுக்கொண்டே நகர்ந்தார்கள். இருளர் பெண்கள். வலை இல்லை, படகு இல்லை. கையே வலை. பெரியவரிடம் நண்பர் கேட்டார், 'ஐயா, அவங்களுக்கு எப்ப பாடு வரும்?'

பெரியவர் அந்தப் பக்கம் பார்த்தார். 'அவங்க கையால தடவறவங்கப்பா' என்றார். அவ்வளவுதான்.

அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும். பாடு என்கிற அந்த அழகான நியாயம் உள்ளே இருப்பவர்களுக்குத்தான். பரம்பரையாக அந்தச் சாதியில், அந்தக் குப்பத்தில், ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். சீட்டில் பெயர் எழுதப்படாதவர்களுக்குக் குலுக்கலில் என்ன இருக்கிறது? ஆக, முறை இருந்தால் மட்டும் போதாது. முறைக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம், சீட்டும் எடுக்காமல் முறையும் கேட்காமல் வந்து உட்கார்ந்துகொண்டவர்கள். தெற்கே பாருங்கள். அத்திப்பட்டு அனல் மின் நிலையம், எண்ணூர்த் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். சாம்பல் படிந்து கழிமுகம் மேடாகிறது என்று மீனவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது; வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்து படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்தது. நான் கிழித்தது ஒரு கை அகலம். ஆனால் நான் அந்தப் பக்கம் இல்லை என்று கையைக் கழுவிவிட முடியுமா? என் வீட்டு மின்விசிறி சுற்றுவதில் அந்த அனல் மின் நிலையத்துக்கும் பங்கு உண்டு. நண்பரின் சம்பளம் வருவது புகைக்கூண்டிலிருந்து.

'புறம்போக்கு' என்று திட்டுகிறோமே, அந்த வார்த்தையை யோசித்திருக்கிறீர்களா? ஏரிக்கரை, மேய்ச்சல் தரை, கழிமுகம் என்று யார் பெயரிலும் பட்டா போடாத நிலத்தின் பெயர் அது. பொதுவானது என்பதற்கு வைத்த பேரை, எதற்கும் உதவாதவன் என்பதற்கு வசவாக்கிவிட்டோம். 'யாருக்கும் சொந்தமில்லை' என்பதை 'கேட்க ஆளில்லை' என்று மொழிபெயர்த்துக்கொள்வது நமக்குச் சுலபமாக வருகிறது. ரயில் சீட்டில் துண்டு போடுவதிலிருந்து கடலில் கல் கொட்டுவது வரைக்கும்.

பொன்னேரியில் டீ குடிக்கும்போது நண்பரிடம் கேட்டேன், 'நீங்க ஏன் கிளம்பல?'

கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'எங்க ஊர்லயும் அந்த வார்த்தைதாண்ணா. கரைவலைப் பாடு. அப்பாவுக்கு அதுல ஒரு பங்கு இருந்தது. 1990-ல ராத்திரியோட ராத்திரியா விட்டுட்டு வந்தோம். சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தார், "நம்ம பாட்டை இப்ப யார் இழுக்கிறாங்களோ"ன்னு. இழுக்கக் கூடாதுன்னு இல்லை. யாராவது ஒருத்தர் வந்து, "ஐயா, உங்க பாட்டை நாங்க இழுக்கிறோம்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவருக்குப் போதும்.'

நான் எதுவும் சொல்லவில்லை.

தமிழில் 'பாடு' என்றால் உழைப்பு, கஷ்டம், கிடைத்த மீனும் மீன்பாடுதான், அவரவர் முறையும் பாடு. ஒரே வார்த்தைக்குள் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறார்கள். நாம் வெளியிலிருந்து வந்து 'எல்லாருக்கும் பொதுதானே' என்று தூண்டிலை வீசும்போது, அந்தத் தண்ணீரில் யாரோ ஒருவரின் பாடு கட்டப்பட்டிருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில்.

அடுத்த மாதம் மறுபடி போகலாம் என்றிருக்கிறேன். இந்த முறை ராடைப் பிரிப்பதற்கு முன்னால் யாரையாவது தேடிப் போய்க் கேட்க வேண்டும்: 'ஐயா, இன்னிக்கு இது யார் பாடு?'

நீங்கள் கடைசியாக எங்கே கேட்டீர்கள்?