பழம் யாருக்கு?

பலனில் பற்றின்றிச் செயலாற்ற வேண்டும் என்று சான்றோர் கூறுகின்றனர். அப்படியானால் பலனைப் பற்றி எண்ணவே கூடாதா? எண்ணாதவன் செயலைச் செம்மையாகச் செய்வானா? இவ்வையம் பலருக்கும் எழுவதுண்டு. வீட்டுத் தோட்டத்து மரமொன்று இதற்கு நல்ல விளக்கம் தருகிறது.

மங்குஸ்தான் மலாய்த் தீவுகளைச் சேர்ந்த மரம். கேரளத்து வீட்டுத் தோட்டங்களிலும் நீலகிரிச் சரிவுகளிலும் இன்று வளர்கிறது. பழத்தின் வெண்சுளைகளுள் பெரிய ஓரிரண்டில் மட்டுமே விதை இருக்கும். அதை நெல்லைப்போல் உலர்த்திச் சேமிக்க இயலாது, உலர்ந்தால் உயிரிழந்துவிடும். சதையை நீக்கிக் கழுவி உடனே ஊன்ற வேண்டும். இரண்டு ஆண்டுகள் கழிந்தும் கன்று ஏறத்தாழ ஓரடி உயரமே இருக்கும். இளமையில் கடும் வெயில் ஆகாது. ஆணிவேர் அறுந்தால் பிழைப்பது அரிது. காய்ப்பதற்கு 8 முதல் 15 ஆண்டுகள் ஆகலாம்.

எழுபது வயதைக் கடந்த ஒருவர் இவ்விதையை ஊன்றுவதாகக் கொள்வோம். 'இதன் பழத்தைத் தாங்கள் உண்பீர்களா?' என்று கேட்டால் அவரால் உறுதியாக விடை கூற இயலாது. அதனால் அவர் பழத்தை எண்ணாதவர் ஆவாரா? எண்ணாதவராயின் பருத்த விதையைத் தேர்ந்தெடுப்பானேன்? நிழற்பந்தல் இடுவானேன்? வேர் அறாமல் கன்றை இடம் மாற்றுவானேன்? பழம் வரவேண்டும் என்ற நாட்டம் அவரிடம் நிறைவாகவே உள்ளது. அது தமக்கே வரவேண்டும் என்ற பிடிவாதம்தான் இல்லை. பற்றின்மை என்பது இதுவே.

பற்றின்மையின் பெயரால் அறியாமையைப் போற்றுவதும் தவறு. ரம்புத்தான் விதையிலிருந்து எழும் கன்று ஆண்மரமாகிவிடலாம். அது பூக்குமேயன்றிக் காய்க்காது. இதை அறிந்து ஒட்டுக்கன்றை நாடுவது சுயநலமாகாது. மங்குஸ்தான் விதையோ மகரந்தச் சேர்க்கையின்றியே உருவாவதால் கன்று பெரும்பாலும் தாய்மரத்தையே ஒத்திருக்கும். அங்கே காத்திருப்பதில் பொருள் உண்டு. 'பலனை ஆண்டவன் பார்த்துக்கொள்வான்' என்று சொல்லி, அறியவேண்டியதை அறியாமல் விடுவது சோம்பலே அன்றிச் சரணாகதி ஆகாது.

இத்தனை கவனத்திற்குப் பிறகும் கன்று பட்டுப்போகலாம். அப்போது வருந்துவது குற்றமா? 'ஓர் உயிர் வாடிற்றே' என்ற வருத்தம் அன்பிலிருந்து பிறப்பது. அது அடுத்த விதையை ஊன்றத் தூண்டும். 'என் உழைப்பு வீணாயிற்றே' என்ற வருத்தம் அகந்தையிலிருந்து பிறப்பது. அது கையைக் கட்டிப்போடும். நம் வருத்தம் எத்தகையது என்பதை அடுத்த நாள் நாம் செய்வது காட்டிவிடும்.

நீலகிரிச் சரிவிலுள்ள பர்லியாறு பழப்பண்ணை 1871இலும், கல்லாறு பழப்பண்ணை 1900இலும் தோன்றின. அவற்றைத் தொடங்கியோர் எவரும் இன்றில்லை. மங்குஸ்தான் மரங்கள் அங்கே இன்றும் பழம் தருகின்றன. உண்போர் நட்டவரை அறியார். அறியாததனால் பழத்தின் இனிமை குறைவதில்லை.

பிள்ளைகளை வளர்ப்பதும், மாணவருக்குக் கற்பிப்பதும், நோயாளிக்குப் பணிவிடை செய்வதும் இத்தகைய செயல்களே. அவற்றின் பலன் வரவேண்டும் என்று முழுமனதுடன் விரும்புவோம். அதற்கு வேண்டியவற்றைக் குறைவறச் செய்வோம். அது யார் கைக்குச் சேரும் என்ற கணக்கை மட்டும் விட்டுவிடுவோம்.