ஆவடியும் மேனனும்
காஷ்மீருக்காக 1957-இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் பேசியவர் என்றே வி.கே. கிருஷ்ண மேனனை நினைக்கிறோம். சென்னையில் படித்து, லண்டனில் பாரிஸ்டராகி, சுதந்திரத்துக்குப் பின் அங்கேயே இந்தியாவின் தூதரானவர். பாதுகாப்பு அமைச்சரானதும், ஆயுதங்களை நாமே செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் உருவானது அவர் காலத்தில்தான். மறு ஆண்டே சீனப் போர் அவர் பதவியைப் பறித்தது. (பழி முழுவதும் அவருடையதா என்ன?) 1965-இல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்தபோது அவர் அமைச்சரவையில் இல்லை. ஆனால் வாதாடுவதை விடவில்லை. 1970-இல் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் கேரள முன்னாள் முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடுக்காக உச்ச நீதிமன்றத்தில் நின்றார். வழக்கு தோற்றது, அபராதம் மட்டும் 1,000 ரூபாயிலிருந்து 50 ஆகக் குறைந்தது.