யாருடைய குரல் இது?

பழைய கணினி ஒன்று. அதில் செருகிய, கட்டைவிரல் நகம் அளவேயுள்ள ப்ளூடூத் டாங்கிள். பக்கத்தில் சார்ஜரோடு கிடக்கும் ஒரு செல்போன். இவ்வளவு இருந்தால் போதும்; அந்தச் செல்போனுக்கு வரும் அழைப்பை மாடியிலோ கொல்லைப்புற அறையிலோ இருக்கும் ஐபி போனில் எடுத்துப் பேசிவிடலாம். சொந்தமாக இணையத் தொலைபேசி இணைப்பகம் அமைத்துக்கொள்ளும் சிறு அலுவலகங்களும், இதிலேயே பொழுதைக் கழிக்கும் கணினிப் பித்தர்களும் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலைதான்.

இதற்குப் பின்னால் இருக்கும் மென்பொருளின் பெயர் ஆஸ்டரிஸ்க். அமெரிக்காவில் லினக்ஸ் உதவிச் சேவை தரும் சிறு நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்த மார்க் ஸ்பென்சருக்குத் தொலைபேசி இணைப்பகம் வாங்கக் கையில் காசில்லை. 1999-இல் தானே ஒன்றை எழுதிக்கொண்டார். ஊருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார். செல்போனை ப்ளூடூத் வழியே அதனோடு கோக்கும் துணைநிரலுக்குச் 'சான்-மொபைல்' என்று பெயர். அது செய்வது ஒரு சின்னப் பித்தலாட்டம். கணினி தன்னைக் கணினி என்று சொல்லிக்கொள்வதில்லை; ஹெட்செட் என்று சொல்லிக்கொள்கிறது. கார் ஓட்டுகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து கையெடுக்காமல் பேசுவதற்கென்று வகுத்த நெறிமுறையைத்தான் இது தன் வசதிக்கு வளைத்துக்கொள்கிறது. அழைப்பு வந்ததும் செல்போன் 'ரிங்' என்று ஒரு வரி அனுப்பும். அழைப்பவரின் எண்ணையும் சொல்லும். கணினி 'ஏடிஏ' என்று பதில் அனுப்பினால் அழைப்பு எடுக்கப்பட்டுவிடும். 1981-இல் ஹேய்ஸ் மோடத்தோடு பிறந்த கட்டளை மொழி, இன்னும் ஓய்வு பெறவில்லை. செல்போனைப் பொறுத்தவரை யாரோ ஒருவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கேட்கிறார். உண்மையில் அங்கே காதே கிடையாது.

காது இல்லாத இடத்தில் போய் இறங்கி, அங்கிருந்து வேறொரு காதுக்குப் போகும் பேச்சு யாருடைய பேச்சு? வேலை இல்லாதவன் கேள்வி மாதிரித் தோன்றும். ஆனால் ஜெருசலேமிலும் ஜித்தாவிலும் வத்திக்கானிலும் பெரிய பெரிய அறிஞர்கள் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதைப் பார்க்குமுன் குரல் போகும் பாதையைக் கொஞ்சம் நடந்து பார்த்துவிடுவது நல்லது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தாய் மகனை அழைத்து, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகனுடைய செல்போன் அலுவலக மூலையில் அந்தக் கணினியோடு கோத்துக் கிடக்கிறது. அவன் மாடியில் ஐபி போனைக் காதில் வைத்திருக்கிறான். தாயின் கைபேசி அவர் குரலை அப்படியே தூக்கி அனுப்புவதில்லை. செல்போன்களின் ஜிஎஸ்எம் முறையில், பேச்சைச் சுருக்கி விரிக்கும் முதல் கோடெக்கை எடுத்துக்கொண்டால், அது பேச்சை நொடியில் ஐம்பதில் ஒரு பங்காக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் 260 பிட்டுகளில் அடக்கிவிடும். அதில் எட்டு எண்கள், தொண்டை முதல் உதடு வரையுள்ள குழாய் அந்த நொடித்துணுக்கில் என்ன வடிவில் இருந்தது என்பதைக் குறிப்பவை. மற்றவை சுருதிக்கும் மிச்சசொச்ச ஒலிக்கும். எழுத்துகள் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியத்துப் பிறப்பியலும் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டைத்தான் சொல்கிறது. இரண்டும் எட்டாக அமைந்தது தற்செயல்தான். இதை வைத்துத் தொல்காப்பியர் செல்போனை அன்றே கண்டுவிட்டார் என்று யாரும் மேடையேறிவிட வேண்டாம். ஆனால் குரலைப் பிடிக்க வேண்டுமானால் அது பிறக்கும் உடம்பைப் பிடி என்ற வழி இரண்டுக்கும் ஒன்று.

ஆக, தாயிடமிருந்து புறப்பட்டது சாம்பார் அல்ல, சாம்பாரின் செய்முறை. மகனின் செல்போன் அதைப் படித்து ஒரு குரலைச் சமைக்கிறது. சமைத்ததை உடனே ப்ளூடூத் இன்னொரு விதமாகப் பிரிக்கிறது: ஒலி முன்பிருந்ததைவிட ஏறியதா, இறங்கியதா என்று நொடிக்கு 64,000 முறை ஆம்-இல்லை பதில். அந்தப் பதில்கள் 79 அலைவரிசைகளுக்குள் நொடிக்கு 1,600 தடவை தாவித் தாவி, ஒரு முழம் தள்ளியிருக்கும் டாங்கிளுக்குப் போய்ச் சேர்கின்றன. கணினி அதை மறுபடி ஒலியாக்கி, நொடிக்கு 8,000 மாதிரிகளாக அளந்து, பொட்டலம் கட்டி, உள்வலையில் மாடிக்கு அனுப்புகிறது. வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் ஐபி போன் அலட்டிக்கொள்ளாது. முந்தைய துணுக்கை வைத்து இட்டுக்கட்டி இடைவெளியை நிரப்பிவிடும். தாய் சற்றுப் பேசாமல் இருந்தால் அந்த மௌனமும் மகனுக்கு வராது. வெறும் நிசப்தம் கேட்டால் ஜனங்கள் "ஹலோ, ஹலோ, லைன் இருக்கா?" என்று கத்துகிறார்கள் என்பதற்காக, கேட்கும் முனையிலேயே ஒரு மெல்லிய இரைச்சலைச் செயற்கையாக உண்டாக்குகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பெண் குரலின் அடிப்படை அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 200. ஆண் குரலுக்கு 100-ஐ ஒட்டி. பழைய தொலைபேசித் தரமோ 300-க்குக் கீழே உள்ளதைப் பெரும்பாலும் உதறிவிடும். அப்படியானால் அம்மாவின் குரலை அம்மாவின் குரலாக்கும் அந்த அடிச்சுருதி தஞ்சாவூரிலிருந்து வரவே இல்லை. மேலே உள்ள அதிர்வுகளைக் கொண்டு மகனின் மூளையே அதை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது.

ஜெருசலேமில் வாழ்ந்த யூத மதகுரு ரப்பி ஷ்லோமோ சல்மான் ஆவர்பாக் இந்த விவரமெல்லாம் வருவதற்கு வெகுமுன்பே நெஞ்சில் கை வைத்துச் சொல்லிவிட்டார்: தொலைபேசியில் கேட்பது மனிதக் குரல் அல்ல, மின்சாரம் அசைக்கும் ஒரு தகட்டின் ஓசை. அவர் போகிற போக்கில் பேசியவரல்லர். ஓய்வுநாளில் மின்சாரத்தைப் பயன்படுத்தலாமா என்பது பற்றி 1935-இலேயே தனி நூல் எழுதியவர். பூரிம் பண்டிகையில் எஸ்தர் சுருளை வாசிக்கக் கேட்பது யூதர்களின் கடமை. அதைத் தொலைபேசியிலோ ஒலிபெருக்கியிலோ கேட்டால் கடமை தீராது என்பது அவர் தீர்ப்பு. ஆனால் 'ஹசோன் இஷ்' என்று போற்றப்பட்ட ரப்பி கரேலிட்ஸ், பேசுகிறவரால் உண்டாகி அந்தக் கணமே கேட்பதால் அதையும் அவரிடமிருந்து கேட்டதாகக் கொள்ள இடமுண்டு என்று கருதினார். நியூயார்க்கில் இருந்த ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைனும் ஒலிபெருக்கி விஷயத்தில் கதவை முழுதாக அடைக்கவில்லை. மனிதன் பேசும்போது மட்டுமே அந்த ஓசை எழுகிறது அல்லவா என்பது அவர் வாதத்தின் சாரம்.

இந்த வழக்கை நம்மூர்த் தருக்க வித்வான்களிடம் கொடுத்திருந்தால் சுவாரசியமாக இருந்திருக்கும். நியாயவாதிகளின் கணக்கில் ஒலி ஆகாயத்தின் குணம். பிறந்த மாத்திரத்தில் அழிவது. முதல் ஒலி இரண்டாவதைப் பிறப்பிக்கும், இரண்டாவது மூன்றாவதை. நீரலை வரிசையாகப் பரவுவதையும், கடம்பு மொட்டு எல்லாப் பக்கமும் ஒருசேர விரிவதையும் இதற்கு உவமையாகச் சொல்வார்கள். காதில் வந்து விழுவது கடைசி ஒலி மட்டுமே. அப்படியானால் எதிரே உட்கார்ந்து பேசும்போதும் யாரும் யாருடைய முதல் ஒலியையும் கேட்டதில்லை. ஆவர்பாக்கின் தகடு அந்த வரிசையில் இன்னுமொரு கண்ணி, அவ்வளவுதான். இந்தத் தருக்கத்தைத் தமிழில் படிக்க விரும்புவோருக்குச் சிவஞான முனிவர் 18-ஆம் நூற்றாண்டிலேயே தருக்க சங்கிரகத்தை மொழிபெயர்த்து வைத்திருக்கிறார். மீமாம்சகர்கள் நேர் எதிர்ப்பக்கம். எழுத்தொலி நித்தியமானது, காற்று அதை வெளிப்படுத்துகிறதே தவிர உண்டாக்குவதில்லை. அவர்களுக்குத் தொண்டையும் ஒரு கருவிதான், ஸ்பீக்கரும் ஒரு கருவிதான்.

கத்தோலிக்கத் திருச்சபை இந்த இயற்பியல் சச்சரவுக்குள் நுழையவில்லை. புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை வழங்கும் 'ஊருக்கும் உலகிற்கும்' ஆசி, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பக்தியோடு பங்கேற்பவர்களையும் சேரும் என்று அது ஏற்கிறது. 2020 மார்ச் 27 அன்று, ஊரடங்கில் வெறிச்சோடிக் கிடந்த அந்தச் சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் நின்று ஆசி வழங்கியது அப்படித்தான் உலகெங்கும் போயிற்று. ஆனால் தொலைபேசியில் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று வத்திக்கான் 2002-இல் வெளியிட்ட ஆவணமே சொல்கிறது. இரண்டு நிலைப்பாடும் முரண் போலத் தெரியும், முரண் இல்லை. ஆசி ஒருவழிப் பாதை, யார் கேட்டாலும் நல்லது. பாவத்தைச் சொல்வது இருவருக்கு நடுவே நிற்க வேண்டியது.

நடுவே என்ன இருக்கிறது என்பதைத்தான் அந்த மூலைக் கணினி காட்டிக்கொடுக்கிறது. ஆஸ்டரிஸ்க்கில் 'மிக்ஸ்மானிட்டர்' என்று ஒரு கட்டளை உண்டு. அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போகும் பேச்சு முழுவதும் வட்டில் பதிவாகும். பேசுகிற இரண்டு முனைக்கும் ஒன்றும் தெரியாது. தாய் மகனோடு பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்க, நான்கு அறைகளில் நான்கு பேர் கேட்கலாம். குருவானவரின் செல்போனும் தன்னோடு இணைந்திருப்பது ஹெட்செட்தான் என்று சத்தியம் செய்யும். திருச்சபையின் பிடிவாதத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு வரியை எழுதிப் பார்த்துவிட்டு வரட்டும்.

இஸ்லாமிய அறிஞர்கள் வேறு முனையில் பிடித்தார்கள். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, 1990-இல் தொலைபேசி, டெலக்ஸ் போன்ற நவீன சாதனங்கள் மூலம் செய்யும் வணிக ஒப்பந்தங்கள் செல்லும் என்று முடிவெடுத்தது. நிகாஹுக்கு அந்த அனுமதியைத் தரவில்லை. காரணம் சாட்சிகள். மணமகனின் சம்மதத்தைக் கேட்டவர்கள் அது இன்னாருடைய வாய்ச்சொல் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமே! வேடிக்கை என்னவென்றால், தலாக்குக்குச் சாட்சி தேவையில்லை என்ற விதியைக் காட்டித் தொலைபேசித் தலாக்கைச் செல்லுபடியாக்கிய ஃபத்வாக்கள் இந்தியாவில் நிறைய உண்டு. சேர்த்து வைக்கத் தகுதியில்லாத தகடு, பிரித்து வைக்க மட்டும் தகுதி பெற்றது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம், வாய்மொழியோ எழுத்தோ மின்னணு வடிவமோ எதுவானாலும் உடனடி முத்தலாக் செல்லாது என்று அந்த அநியாயத்தை முடித்துவைத்தது.

இத்தனை வாதங்களையும் அடுக்கிப் பார்த்தால், ஓசை எவ்வளவு துல்லியமாக வருகிறது என்பதற்கு எவரும் மதிப்பெண் போடவில்லை என்பது தெரியும். கோடெக் இன்னும் பத்து மடங்கு நயமானாலும் நிகாஹுக்குச் சாட்சி கிடைத்துவிடப் போவதில்லை. இயற்பியலில் ஆவர்பாக் சொன்னது சரி. தாயின் குரல் மாடிக்கு வரவில்லை, அதைப்போல் ஒன்று அங்கே செய்யப்பட்டது. ஆனால் அது யாருடையது என்ற கேள்விக்கு ஃபைன்ஸ்டைனின் வாதமே கைகொடுக்கிறது. தாய் நிறுத்தினால் அது நிற்கிறது. "நீ சாப்பிட்டியாம்மா?" என்று மகன் திருப்பிக் கேட்டால் பதில் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கிறது. சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்க ஒருவர் மறுமுனையில் இருக்கும்வரை, நடுவில் எத்தனை தடவை உடைத்து ஒட்டினாலும் அது அவருடைய குரல்தான். 2020 மார்ச்சில் தொற்றுக்குப் பயந்து தனிமைப்படுத்தப்பட்டவர்கள், வேறு வழியில்லாத நிலையில், எஸ்தர் சுருளைத் தொலைபேசியில் நேரலையாகக் கேட்கலாம் என்று சில ரப்பிகள் அனுமதித்ததும் இந்த நியாயத்தில்தான். பதிவு செய்ததைப் போட்டுக் கேட்பதை அவர்கள் ஏற்கவில்லை.

பொறுப்பேற்க மறுமுனையில் ஒருவர் வேண்டும் என்ற அந்த நிபந்தனைதான் இப்போது ஆட்டம் காண்கிறது. வெளிநாட்டு இணைய அழைப்புகளை உள்ளூர் எண்ணாக மாற்றித் தரும் சிம் பாக்ஸ்களைப் போலீஸ் அவ்வப்போது பிடிக்கிறது. உரிமம் இல்லாமல் இப்படிப் பாலம் போடுவது இந்தியாவில் குற்றம். திரையில் தெரியும் எண், பேசுகிறவரின் அடையாளம் அல்ல. சிறிது நேரப் பதிவு கிடைத்தாலே ஒருவருடைய குரலைச் செய்துகாட்டும் மென்பொருளும் வந்துவிட்டது. அது தாய் வாயைத் திறக்காதபோதும் பேசும், கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லும். பொறுப்பேற்க மட்டும் ஆள் இருக்காது. ஆகவே அம்மாவின் குரலில் அவசரமாகப் பணம் கேட்டு அழைப்பு வந்தால், குரலை வைத்து முடிவு செய்யாதீர்கள். போனை வைத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த எண்ணில் நீங்களே அவரைக் கூப்பிடுங்கள்.